அரளி ஜாதகம்

அடுத்த பிறவி என்று ஒன்று இருந்து, அதுவும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான் என்று தலையில் எழுதியிருந்தால், மனிதனாகப் பிறக்க வேண்டாம். மாடாக வேண்டாம். மாமரமாகவும் தென்னையாகவும் நிச்சயமாக வேண்டாம். தேசிய நெடுஞ்சாலை 44இன் நடுத்திட்டில் ஓர் அரளிச் செடியாகப் பிறக்க வேண்டும். அந்த ஜாதகத்துக்கு ஈடு கிடையாது.

மழை பொய்த்த வருஷத்துச் சித்திரை மாதத்தில் ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வழியாகக் காவேரிப்பட்டணம் வரை ஒரு நடை வந்து பாருங்கள். இரண்டு பக்கமும் மண் வாய் பிளந்து கிடக்கும். நடுவில் மட்டும் இளஞ்சிவப்பாகப் பூத்துக் குலுங்கும். டேங்கர் லாரி ஒன்று ஆள் நடக்கிற வேகத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும். பின்னால் ஒருவர் சிவப்புக் கொடியை ஆட்டுவார். குழாயைப் பிடித்தவர் அரளிக்குத் தலைக்கு ஊற்றுவார். வேருக்குப் போனது பாதி, தார் ரோட்டில் ஓடியது பாதி. சர்வீஸ் ரோட்டோரம் காலிக் குடத்தோடு நிற்கிற பெண், டேங்கரைப் பார்த்து ஒரு நொடி ஆசைப்பட்டிருந்தால் அது அவள் செய்த தப்பு. அது ஊர் லாரி இல்லை, அரளி லாரி.

அரளியின் மேல் எனக்குக் கோபமில்லை. எதிரே வருகிற வண்டியின் ஹெட்லைட் டிரைவர் கண்ணைக் குத்தாமல் இருக்க அது வேண்டும்தான். அதைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. ஆடு தின்னாது, மாடு தின்னாது, புகையைத் தாங்கும், தண்ணீர் இல்லாமலும் நாள் கணக்கில் தாக்குப்பிடிக்கும். இதில்தான் நம் நிர்வாகத்தின் மூளை வேலை செய்கிறது. தண்ணீர் கேட்காத செடியாகப் பார்த்து நட்டார்கள். நட்டபின் அதற்குத்தான் லாரி லாரியாக ஊற்றுகிறார்கள். கேட்காதவனுக்குக் கொட்டிக் கொடு, கேட்கிறவனை மனு எழுதிக்கொண்டு திங்கட்கிழமை வரச் சொல்.

இந்த ஜாதகம் கணிக்கப்பட்டது 2015ஆம் வருஷத்தில். அந்த வருஷம் தில்லியில் இரண்டு விதிகள் பிறந்தன. ஏப்ரலில், பயிர்ச் சேதத்துக்கு நிவாரணம் தருவதற்கான வரம்பைத் தளர்த்தினார்கள். அதுவரை பாதிப் பயிர் போனால்தான் நிவாரணம். இனி 33 சதவீதம் போனாலே போதும் என்றார்கள். பெரிய மனசு என்று நாமும் கைதட்டினோம். செப்டம்பரில் பசுமை நெடுஞ்சாலைக் கொள்கை வந்தது. சாலைத் திட்டச் செலவில் ஒரு சதவீதம் செடிக்கும் மரத்துக்கும் அழகுபடுத்தலுக்கும் என்று ஒதுக்கினார்கள். நட்டதில் நூற்றுக்குத் தொண்ணூறு பிழைத்திருந்தால்தான் ஒப்பந்ததாரருக்குப் பணம் என்றும் நிபந்தனை போட்டார்கள்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அரளி பிழைத்தால் காசு. தென்னை செத்தால் காசு. அரளி நூற்றில் பத்துக்கு மேல் சாகக் கூடாது. செத்தால் கணக்குக் கேட்பார்கள். தென்னை நூற்றில் முப்பத்திரண்டு செத்தால் அது வறட்சியே இல்லை, உங்கள் கவனக்குறைவு. ‘இன்னும் ஒண்ணு குறையுதே, கொஞ்சம் பொறுத்துப் பாருங்க’ என்பதுதான் அந்த விதியின் பொருள். விவசாயியும் தினம் தோப்புக்குப் போய் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், முப்பத்து மூன்றாவது எப்போது தலை தொங்கும் என்று.

இப்போது பாரூருக்கு வருவோம். போச்சம்பள்ளி வட்டத்தில் இருக்கிற எங்கள் ஊருக்கு ஒரு பெரிய ஏரி உண்டு. பேரே பெரிய ஏரிதான். தென்பெண்ணையில் நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாக அதற்குத் தண்ணீர் வர வேண்டும். அது நிரம்பினால் கிழக்குக் கால்வாய், மேற்குக் கால்வாய் இரண்டும் ஓடி 2,400 ஏக்கருக்குப் பக்கமாக நனையும். பாரூர், புலியூர், அரசம்பட்டி, கீழ்குப்பம் என்று வரிசையாக ஊர்கள். அரசம்பட்டித் தென்னங்கன்று என்றால் தமிழ்நாட்டின் எந்த மூலையிலும் விவசாயி தலையாட்டுவார். இந்தப் பக்கம் சந்தூர் போனால் மாங்கன்று. அதாவது மற்ற ஊர்க்காரர்கள் தோப்பு வைக்கக் கன்று வாங்க வருகிற இடம் இது. அப்படிப்பட்ட இடத்தில்தான் வறட்சி வந்தால் நின்ற மரமே மொட்டையாகிறது. மட்டைகள் மஞ்சளாகி, குடையை மடக்கினது மாதிரி தொங்கி, பிறகு குருத்து சாய்ந்து, கடைசியில் கம்பம் மட்டும் மிச்சம். மின்கம்பமென்றால் வாரியம் வந்து கேட்கும். இதை யாரும் கேட்பதில்லை.

ஆற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. நந்தி மலையில் புறப்படுகிற தென்பெண்ணை, தமிழ்நாட்டு எல்லைக்கு வருமுன்பே பெங்களூரின் சாக்கடையைச் சுமந்துகொள்கிறது. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாக இறங்கி, ஓசூர்ப் பக்கம் கெலவரப்பள்ளி அணைக்கு வரும்போது நுரை பொங்கிப் பொங்கி வெள்ளை மலையாக நிற்கும். ஓசூரைக் குட்டி இங்கிலாந்து என்று அந்தக் காலத்தில் சொன்னார்கள். குளிர் இருந்தது, பனி மட்டும் குறையாக இருந்தது. அந்தக் குறையையும் பெங்களூர் தீர்த்துவைத்தது. தரைப்பாலத்தை மூடுகிற அளவுக்குப் பனி, செலவில்லாமல், சோப்பு வாசனையோடு. அங்கிருந்து கிருஷ்ணகிரி அணை, அங்கிருந்து நெடுங்கல், அங்கிருந்து எங்கள் ஏரி. மழைக்காலத்தில் நுரை வருகிறது என்று புலம்புகிறோம். வறட்சியில் நுரையாவது வரக்கூடாதா என்று ஏங்குகிறோம்.

நிலத்தடியை நம்பலாமே என்பார்கள். ஆயிரம் அடி துளைத்தால் புகை வருகிறது. தப்பித் தவறித் தண்ணீர் வந்தால் ஃப்ளோரைடு சேர்ந்து வருகிறது. இந்த மாவட்டத்துக்கும் தருமபுரிக்கும் அதற்காகவே 1,900 கோடி ரூபாய்க்கு மேல் ஜப்பான் கடனெல்லாம் வாங்கி ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டு, 2013இல் திறந்தார்கள். பல்லில் கறை பிடித்த தலைமுறைக்குக் காவிரித் தண்ணீர் வந்தது. நல்ல காரியம், மறுக்கவில்லை. கோடையில் அந்தக் குழாயும் காற்று ஊதும்போது ஊர்க்காரன் யாரிடம் போய்க் கேட்பது?

கேட்பதற்கென்று ஒரு ஆள் இருப்பார், பஞ்சாயத்துத் தலைவர் என்று பெயர். அவர் வீட்டுத் திண்ணையில் குடத்தை வைத்துவிட்டு உட்கார்ந்தால் மனிதர் ஓடி வந்துதான் ஆக வேண்டும். ஓட்டுப் போட்டவர்கள், எதிர்வீட்டுக்காரர்கள், சம்பந்தி வேறு. ஜனநாயகம் என்பது எங்கள் பக்கம் பெரும்பாலும் இந்தத் திண்ணைதான். 2016இல் அந்தத் திண்ணையைப் பிடுங்கிக்கொண்டார்கள். 1996இலிருந்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஒழுங்காக நடந்த உள்ளாட்சித் தேர்தல், அந்த அக்டோபரில் நடந்திருக்க வேண்டும். இடஒதுக்கீட்டு அறிவிக்கைச் சிக்கலில் உயர் நீதிமன்றம் தேர்தல் அறிவிப்பை ரத்து செய்தது. சரி, பிழையைத் திருத்தி இரண்டு மாதத்தில் நடத்துவார்கள் என்று நினைத்தோம். கிராமங்களில் ஓட்டுப்பெட்டி வந்தது 2019 டிசம்பர் 27ஆம் தேதி. மூன்று வருஷத்துக்கு மேல் தலைவர் இல்லை, உறுப்பினர் இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத ஊராட்சிக்கு நிதிக்குழு மானியம் கிடையாது என்று மத்திய அரசும் பணத்தை நிறுத்திவைத்தது.

அதே 2016இல்தான் உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத இடம் என்று சட்டம் நிறைவேறியது. நடக்காத தேர்தலில் பாதி இடம். குடம் சுமப்பதில் மட்டும் பழையபடி நூறு சதவீதம்.

அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழை அறுபது சதவீதத்துக்கு மேல் குறைந்தது. நூற்றாண்டு காணாத பஞ்சம் என்றார்கள். 2017 ஜனவரி 10ஆம் தேதி அன்றைய முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்த மாவட்டங்களாக அறிவித்தார். அதற்குச் சில நாள் முன்புதான், ஒரே மாதத்தில் 106 விவசாயிகள் இறந்ததாக வந்த செய்திகளை வைத்து தேசிய மனித உரிமை ஆணையம் மாநில அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியிருந்தது. ஆக, நூறாண்டில் மோசமான வறட்சியும், ஊருக்குத் தலைவரே இல்லாத நிலையும் கைகோத்துக்கொண்டு வந்தன. எந்த ஜோசியரும் இப்படிப் பொருத்தம் பார்த்திருக்க முடியாது.

நிவாரணம் அறிவித்தார்களே என்பீர்கள். அறிவித்தார்கள். தென்னை, மா போன்ற நீண்டகாலப் பயிருக்கு ஏக்கருக்கு 7,287 ரூபாய். அந்தக் கடைசி ஏழு ரூபாயைப் பார்த்தாலே நிர்வாகத்தின் துல்லியம் புரியும். ஏக்கருக்கு எழுபது தென்னை என்பது பொதுக் கணக்கு. வகுத்துப் பாருங்கள்: மரம் ஒன்றுக்கு 104 ரூபாய். நெட்டைத் தென்னை காய்க்க ஆறேழு வருஷம், காய்க்க ஆரம்பித்தால் அறுபது வருஷம். அப்பா வைத்து, பிள்ளை இறக்கி, பேரன் விற்றுச் சாப்பிடுகிற மரத்துக்கு 104 ரூபாய். மூன்று தலைமுறைக்கும் சேர்த்து மூன்று டீயும் இரண்டு பன்னும் வரும்.

அதையும் வாங்க அடங்கல், சிட்டா, வங்கிக் கணக்குப் புத்தகம், மரத்தின் பக்கத்தில் நின்று எடுத்த போட்டோ. செத்த மரம் வளைந்து சாய்ந்திருந்தால் போட்டோவில் ஆளும் மரமும் சேர்ந்து விழாது, இன்னொரு தடவை எடுங்கள் என்பார்கள். துக்க வீட்டில்கூட நம்மை இப்படிப் பிணத்தோடு நின்று சிரிக்கச் சொன்னதில்லை.

தண்ணீர்க் கணக்கையும் போட்டுவிடலாம். சொட்டுநீர் போட்டாலே கோடையில் ஒரு தென்னைக்கு நாளைக்கு அறுபது எழுபது லிட்டர் வேண்டும். ஏக்கருக்கு ஐயாயிரம் லிட்டர். நடுத்தர டேங்கரில் பாதி. அரளிக்கு வருகிற லாரி ஒரு நாள் வழி தவறி ரோட்டைவிட்டு இறங்கி வந்தால் இரண்டு ஏக்கர் தோப்பு அன்றைக்குப் பிழைத்துக்கொள்ளும். வழி தவறாது. நம் ஒப்பந்த லாரிகள் அந்த விஷயத்தில் கற்புக்கரசிகள்.

இந்த முப்பத்து மூன்று என்ற எண்ணில் ஏதோ சூட்சுமம் இருக்கிறது. தென்னை 33 சதவீதம் சாக வேண்டும். சுற்றுச்சூழல் அனுமதி வாங்குகிற ஆலை, வளாகத்தில் 33 சதவீதம் பசுமையாக வைத்திருக்க வேண்டும் என்று விதி இருந்தது. தமிழ்நாட்டின் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக்கப் போவதாக 2022இல் ஓர் இயக்கமே தொடங்கினார்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 333 ஊராட்சிகள், பத்து ஒன்றியங்கள். தேர்தல் இல்லாத காலத்தில் வட்டார வளர்ச்சி அலுவலரான பி.டி.ஓ.தான் ஊராட்சிகளுக்குத் தனி அலுவலர், அவர் தலையில் சராசரி முப்பத்து மூன்று ஊராட்சி. முப்பத்து முக்கோடி தேவர்களும் சேர்ந்து இறங்கி வந்தாலும் ஒரு கையெழுத்துக்கு பி.டி.ஓ. ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டியதுதான். பச்சை இங்க்கில் போடுகிற அந்தக் கையெழுத்துதான் வறட்சிக் காலத்தில் ஒன்றியத்திலேயே வாடாமல் இருக்கிற ஒரே பசுமை.

ஆலைகளின் பசுமையைப் பற்றிப் பேசினால் சண்டைக்கு வருவார்கள். ஓசூரில் 1970களிலிருந்து சிப்காட் தொழிற்பேட்டை. இப்போது போச்சம்பள்ளியிலும் சிப்காட், மின்சார ஸ்கூட்டரெல்லாம் செய்கிறார்கள். பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கிறது, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் விதி கேட்டது மரம். பல கேட்டுகளுக்குள் தெரிவது புல்வெளி. கத்தரித்து, சீவி, விளிம்பு வெட்டி, நாமம் போட்டதுபோல் கம்பெனியின் பெயரைச் செடியாலேயே எழுதி வைத்திருப்பார்கள். சுத்திகரித்த கழிவுநீரைத்தான் ஊற்றுகிறோம் என்று பதில் வரும். ரொம்ப நல்லது. புல்லுக்குச் சுத்திகரித்த கழிவுநீர். நெடுங்கலுக்குக் கீழே இருக்கிற நெல்லுக்குப் பெங்களூரின் அரைகுறைக் கழிவுநீர். புல்லுக்கு இருக்கிற அந்தஸ்து நெல்லுக்கு வருமா? புல் விருந்தாளி கண்ணில் படும்.

எல்லை தாண்டிப் பெங்களூரையும் சொல்லியாக வேண்டும். 2024 மார்ச்சில் அங்கே தண்ணீர் தட்டியபோது குடிநீர் வாரியம், தோட்டத்துக்குக் குடிநீர் ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. எங்கள் பக்கம் அதே கோடையில் விவசாயிகள் மாமரத்துக்கு டேங்கர் தண்ணீரை விலைக்கு வாங்கி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். காய்க்க வைக்க அல்ல, சாகாமல் நிறுத்திவைக்க. அங்கே செடிக்கு ஊற்றினால் அபராதம். இங்கே ரோட்டுச் செடிக்கு ஊற்றினால் பில். அந்த லாரி எந்தக் கிணற்றில் நிரம்பியது என்று எந்த ஒப்பந்தத்திலாவது ஒரு வரிக் கேள்வி உண்டா? செடி பிழைத்ததா என்று எண்ண ஆள் வருகிறது. கிணறு பிழைத்ததா என்று எண்ண யார் வருகிறார்கள்?

உலகத்தில் இதைவிட நேர்மையான ஊர்களும் உண்டு. அதே 2015இல் கலிஃபோர்னியாவில் வறட்சி நீடித்தபோது ஆளுநர் ஐந்து கோடி சதுர அடிப் புல்வெளியை எடுத்துவிட்டுத் தண்ணீர் கேட்காத செடிகளை வைக்க உத்தரவு போட்டார். புல்லை விட மனசு வராதவர்கள் காய்ந்த புல்லுக்குப் பச்சைச் சாயம் அடித்துக்கொண்டார்கள். அதற்கென்றே கம்பெனிகள் வந்தன. இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு ஒரே யோசனை. வைகை அணையில் தெர்மாகோலை மிதக்கவிட்டு ஆவியாவதைத் தடுக்கப் பார்த்த மாநிலம் இது. அந்த 2017 ஏப்ரலில் காற்றுக்கு மட்டும் கொஞ்சம் ஒத்துழைக்கத் தெரிந்திருந்தால் உலகம் நம்மிடம் பாடம் படித்திருக்கும். அப்படிப்பட்டவர்களுக்குச் செத்த தென்னைக்குப் பச்சை பெயிண்ட் அடிக்கத் தெரியாதா? அடித்துவிட்டால் ரோட்டிலிருந்து பார்க்கப் பசுமை. முப்பத்து மூன்று சதவீத இலக்கும் ஒரு கோட்டிங்கில் முடிந்துவிடும்.

வறட்சி நிரந்தரமா என்றால் இல்லை, மழையும் வரும். 2017 கடைசியில் வந்தது. காமராஜர் காலத்துக் கிருஷ்ணகிரி அணை முழு நீர்மட்டமான 52 அடியை எட்டி நின்றது. ஒரு வருஷம் காய்ந்த கண்ணுக்கு அதைப் பார்க்கவே கூட்டம். அந்த நவம்பர் இறுதியில் முதல் மதகு உடைந்தது. மதகின் வயது அறுபது. துரு எந்த வருஷம் பிடித்தது என்று இரும்புக்குத் தெரியும், ஆற்றுக்குத் தெரியும், பராமரிப்புக் கோப்புக்கு மட்டும் தெரியவில்லை. பஞ்சத்தில் ஏங்கிப் பெற்ற தண்ணீர் இரண்டு மூன்று நாளில் கரையோர மக்களைப் பயமுறுத்திக்கொண்டு ஆற்றோடு போனது. அணைப் பூங்கா மட்டும் பத்திரமாக இருந்தது. அங்கே ஞாயிற்றுக்கிழமைதோறும் மீன் வறுவலும் ஊஞ்சலும் நடக்கும், புல் மேல் நடக்காதீர்கள் என்று போர்டும் இருக்கும். மதகைத் தொடாதீர்கள் என்ற போர்டை அதிகாரிகள்தான் ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள் போலிருக்கிறது.

இதற்கெல்லாம் ஒரே வழிதான் தெரிகிறது. மனுவும் தயார். கலெக்டர் ஆபீஸ் வாசலில் எழுதிக்கொடுக்கிறவரிடம் போனால் ஐம்பது ரூபாய் கேட்பார், நானே எழுதிவிட்டேன்:

‘பொருள்: எங்கள் தென்னைகளைத் தேசிய நெடுஞ்சாலை அழகுச் செடிகளாக அறிவிக்கக் கோருவது தொடர்பாக.

ஐயா, வணக்கம். பாரூர், அரசம்பட்டி வட்டாரத் தென்னைகள் பயன் தரும் மரங்களாகப் பிறந்துவிட்ட குற்றத்தினால் தண்ணீர் பெறத் தகுதியற்றவையாக உள்ளன. மேற்படி மரங்கள் இனிக் காய்க்காது என்று உறுதிமொழிப் பத்திரம் தரத் தயாராக இருக்கிறோம். தேவைப்பட்டால் இளஞ்சிவப்பில் காகிதப் பூவும் கட்டிவிடுகிறோம். நடுத்திட்டுக்குப் பெயர்த்து நடும் செலவை நாங்களே ஏற்கிறோம். அது முடியாவிட்டால், ஆறுவழிச் சாலையின் அடுத்த விரிவாக்கத்தை எங்கள் தோப்புகளின் இருபுறமும் கொண்டுசென்று, தோப்பையே நடுத்திட்டாக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். நூற்றுக்குத் தொண்ணூறு பிழைக்க வேண்டும் என்ற நிபந்தனை எங்களுக்கும் பொருந்துமாறு செய்தால் காலமெல்லாம் நன்றியுடையவர்களாக இருப்போம். கால்நடை மேயாது என்பதற்கு உத்தரவாதம் தேவையில்லை, கால்நடைகளை விற்றுவிட்டோம்.’

இந்த மனு போகிற பாதையும் எனக்குத் தெரியும். திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஒரு நம்பர் போடுவார்கள். போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வரும். வருவாய்த் துறைக்குப் போகும். இது நெடுஞ்சாலை என்பார்கள். நெடுஞ்சாலைக்குப் போகும், இது தோட்டக்கலை என்பார்கள். தோட்டக்கலைக்குப் போகும், இது ஊராட்சி, தீர்மானம் வேண்டும் என்பார்கள். தீர்மானத்தில் கையெழுத்துப் போட வேண்டியவரின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்துபோனது. தேர்தல் அப்போதும் நேரத்துக்கு வரவில்லை, மறுபடியும் தனி அலுவலர் வந்தார். 2016இல் நடந்தது விபத்து என்று நினைத்திருந்தோம், பழக்கமாகிவிட்டது. ஆகவே மனு முப்பத்து மூன்று ஊராட்சிக்குச் சொந்தக்காரரான பி.டி.ஓ. மேஜைக்குப் போகும். அவரும் பாவம், மனிதர்தான். அந்த மேஜையில் நிலுவையில் இருக்கும்போதே தோப்பில் முப்பத்து மூன்றாவது மரமும் தலையைப் போட்டுவிட்டால், இந்த மனு செல்லாது. அதற்கு வேறு படிவம். அடங்கல் நகல் ஒன்று, மரத்தோடு எடுத்த போட்டோ இரண்டு.